ஸ்கூல் கவுன்சிலர் யாரு? 'எங்க பயாலஜி மிஸ்தான்!' - பள்ளி மனநலத் திட்டங்கள் எங்கே சறுக்குகின்றன?

புனேவில் ஐடி வேலையில் இருக்கும் தோழி ஒருத்தி, மகளின் பள்ளியில் இருந்து வந்த சுற்றறிக்கையை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். மகள் ஏழாம் வகுப்பு. 'மாணவர் நலனுக்காக நமது பள்ளியில் ஆலோசகர் நியமிக்கப்பட்டுள்ளார்' என்று போட்டு, கீழே ஒரு பெயரும் இருந்தது. நல்ல செய்திதானே? ஆனால் அந்தப் பெயரைப் பார்த்ததும் மகள் சிரித்துவிட்டாளாம்.

"அம்மா, இது எங்க பயாலஜி மிஸ்!"

"இருக்கட்டும்டி, நல்லவங்கதானே? ஏதாவது கஷ்டம்னா போய்ச் சொல்லு" என்று தோழி சொன்னதற்கு வந்த பதில்தான் என்னை இந்தக் கட்டுரையை எழுத உட்கார வைத்தது.

"யூனிட் டெஸ்ட் பேப்பர் திருத்துறது அவங்க. போன வாரம் என்னை நிக்க வெச்சதும் அவங்க. அவங்ககிட்ட போய் என்னம்மா சொல்றது?"

12 வயதுப் பிள்ளை போகிற போக்கில் கேட்ட கேள்வி இது. ஆனால் இந்தியாவின் பள்ளி மனநலக் கொள்கை இன்னும் நேராகப் பதில் சொல்லாத கேள்வியும் இதுதான். பிள்ளைகளின் மனநலத்துக்குப் பள்ளியில் யார் பொறுப்பு? ஏற்கெனவே இருக்கும் ஆசிரியரா, இதற்கென்றே ஒரு தனி ஆளா? 'யாராக இருந்தால் என்ன, மனசு இருந்தால் போதாதா' என்று தோன்றலாம். போதாது என்பதற்கு நம் நாட்டிலேயே, பீகாரிலேயே, ஆதாரம் இருக்கிறது. அதற்கு முன் இந்தப் பேச்சு இப்போது ஏன் சூடுபிடித்தது என்று பார்த்துவிடுவோம்.

உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது?

விசாகப்பட்டினத்தில் விடுதியில் தங்கி நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த 17 வயது மாணவி 2023 ஜூலையில் இறந்தார். விசாரணையை சிபிஐக்கு மாற்றக் கோரி அவருடைய தந்தை நீதிமன்றம் போனார். அந்த வழக்கில் 2025 ஜூலை 25 அன்று நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு தீர்ப்பளித்தது. விசாரணையை மாற்றியதோடு நிற்காமல், நாடு முழுவதற்குமான 15 வழிகாட்டுதல்களையும் பிறப்பித்தது. பள்ளி, கல்லூரி, கோச்சிங் சென்டர், விடுதி எல்லாவற்றுக்கும் இவை பொருந்தும். இதற்கென்று தனிச் சட்டம் வரும் வரை இவைதான் நடைமுறையில் சட்டம்.

அவற்றில் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவராவது இருக்க வேண்டும். குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் மனநலத்தில் அவர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும்.

100-க்குக் குறைவான மாணவர்கள் உள்ள இடங்கள், வெளியில் இருக்கும் மனநல நிபுணர்களோடு முறையான தொடர்பு வைத்திருக்க வேண்டும்.

ஆசிரியர்களும் மற்ற ஊழியர்களும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது மனநல முதலுதவிப் பயிற்சி பெற வேண்டும்.

மதிப்பெண்ணை வைத்து மாணவர்களைத் தனித்தனி பேட்ச்சாகப் பிரிப்பது, எல்லோர் முன்னிலையிலும் அவமானப்படுத்துவது கூடாது.

டெலி மானஸ் உள்ளிட்ட உதவி எண்களை வகுப்பறை, விடுதி, இணையதளம் என எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும்.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 'ஒருவராவது இருக்க வேண்டும்' என்ற வரியை எப்படி நிறைவேற்றுவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. புதிதாக ஓர் ஆளை வேலைக்கு எடுக்கலாம். அல்லது இருக்கும் ஆசிரியர் ஒருவரை ஒரு சான்றிதழ் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு, சுற்றறிக்கையில் அவர் பெயரைப் போட்டும்விடலாம். காகிதத்தில் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும்.

நிலைமை எவ்வளவு தீவிரம்?

தேசிய குற்ற ஆவணக் காப்பகமான என்சிஆர்பியின் கணக்குப்படி 2001-இல் 5,425 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டனர். 2022-இல் அது 13,044. 2023-இல் 13,892. அதாவது சராசரியாக ஒரு நாளைக்கு 38 பேர். இது பள்ளிப் பிள்ளைகள் மட்டும் அல்ல, கல்லூரி மாணவர்களும் சேர்ந்த எண்ணிக்கை.

இந்த எண் வரும்போதெல்லாம் 'எல்லாம் எக்ஸாம் பிரஷர்' என்று நாம் சொல்லிவிடுகிறோம். டேட்டாவை வைத்துப் பிழைப்பவள் என்பதால் இங்கே கொஞ்சம் நிறுத்தச் சொல்வேன். உச்ச நீதிமன்றமே மேற்கோள் காட்டிய கணக்கில், 2022-இல் தேர்வுத் தோல்வி காரணமாக நிகழ்ந்ததாகப் பதிவானவை 2,248. மாணவர் தற்கொலைகளின் மொத்த எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் சுமார் 17 சதவிகிதம். 18 வயதுக்குக் குறைவானவர்களைப் பொறுத்தவரை குடும்பப் பிரச்னை, காதல் விவகாரம், உடல்நலக் குறைவு ஆகியவையே என்சிஆர்பி அறிக்கைகளில் முக்கியக் காரணங்களாக வருகின்றன.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தக் காரணங்களை எழுதுவது மனநல மருத்துவர் அல்ல, காவல் நிலையம். ஒரு பிள்ளையின் மனதில் மாதக்கணக்கில் நடந்த போராட்டத்தை ஒரே ஒரு கட்டத்துக்குள் டிக் அடிக்க வேண்டியிருக்கிறது. மார்க் குறைந்ததால் வீட்டில் சண்டை வந்திருந்தால் அது தேர்வா, குடும்பமா? ஆகவே இந்த எண்களில் இருந்து 'தேர்வு காரணமில்லை' என்றும் முடிவு கட்ட முடியாது. உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: பிள்ளைகளின் பிரச்னைகள் தேர்வு அறைக்குள் மட்டும் இல்லை. ஆகவே பிப்ரவரி மாதம் 'தேர்வை வெல்வது எப்படி' என்று ஒரு மோட்டிவேஷன் பேச்சாளரை அழைத்து வருவதோடு பள்ளியின் கடமை முடிந்துவிடாது.

தற்கொலை என்பது கடைசி முனை. அதற்கு முன்னால் இருக்கும் கூட்டம் ரொம்பப் பெரியது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 7.3 சதவிகிதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதாகக் கணித்தது. 40 பேர் உட்காரும் வகுப்பு என்றால் அதில் சுமார் 3 பேர்.

2022-இல் வெளியான என்சிஇஆர்டி ஆய்வு இன்னும் விரிவானது. 6 முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான 3,79,842 மாணவர்களிடம் கேட்கப்பட்டது. படிப்பு, தேர்வு, தேர்வு முடிவு இவைதான் தங்கள் பதற்றத்துக்குக் காரணம் என்று சொன்னவர்கள் 81 சதவிகிதம். அதே ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்ட இன்னொரு எண் 28. கேள்வி கேட்கவே தயங்குவதாகச் சொன்ன மாணவர்களின் சதவிகிதம் அது. பாடத்தில் ஒரு சந்தேகம் கேட்கவே தயங்கும் பிள்ளை, அதே ஆசிரியரிடம் போய் 'எனக்கு ராத்திரி தூக்கம் வரல, அழுகையா வருது' என்று சொல்லுமா?

அரசு இதுவரை எதுவுமே செய்யவில்லையா?

செய்திருக்கிறது. 2020 பிப்ரவரியில் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் கீழ் பள்ளி சுகாதாரத் திட்டம் வந்தது. ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்களை 'நலத் தூதர்'களாக நியமித்து 11 தலைப்புகளில் வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். உணர்வு நலமும் மனநலமும் அதில் ஒரு தலைப்பு. 2020 ஜூலையில், கோவிட் காலத்தில், மத்திய கல்வி அமைச்சகம் 'மனோதர்பன்' திட்டத்தையும் அதற்கான உதவி எண்ணையும் தொடங்கியது. 2022 அக்டோபரில் 24 மணி நேரமும் இயங்கும் 'டெலி மானஸ்' வந்தது. 2023-இல் 'உம்மீத்' என்ற வரைவு வழிகாட்டுதல், ஒவ்வொரு பள்ளியிலும் முதல்வர் தலைமையில் ஒரு நலக் குழு அமைக்கச் சொன்னது. சிபிஎஸ்இயைப் பொறுத்தவரை, பள்ளியில் ஆலோசகர் இருக்க வேண்டும் என்பது 2018 இணைப்பு விதிகளிலேயே இருக்கிறது.

இவற்றை வரிசையாக வைத்துப் பாருங்கள். தொலைபேசி எண்களைத் தவிர, பள்ளிக்குள் நடக்க வேண்டிய வேலை பெரும்பாலும் யார் தலையில் விழுகிறது? ஆசிரியர் தலையில்தான்.

பீகார் ஆய்வு சொன்ன பாடம்

இப்போது நாளந்தாவுக்கு வருவோம். பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளில் 'செஹர்' என்ற திட்டத்தை கோவாவைச் சேர்ந்த சங்கத் அமைப்பின் ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தனர். முடிவுகள் 2018-இல் 'தி லான்செட்' மருத்துவ இதழில் வந்தன.

சோதனையின் வடிவம் எளிமையானது. பள்ளிகளைக் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் குழுவில், ஏற்கெனவே இருந்த வளரிளம் பருவக் கல்வித் திட்டம் மட்டும். இரண்டாவது குழுவில், பள்ளியில் இருக்கும் ஓர் ஆசிரியருக்குப் பயிற்சி கொடுத்து, அவரே இந்தத் திட்டத்தை நடத்துவார். மூன்றாவது குழுவில், இதே வேலைக்காக வெளியில் இருந்து ஒருவர். அவர் மனநல மருத்துவரும் இல்லை, உளவியல் நிபுணரும் இல்லை. பயிற்சி கொடுக்கப்பட்ட சாதாரண ஆள். 'செஹர் மித்ரா' என்று பெயர். மித்ரா என்றால் நண்பர்.

இரண்டு குழுக்களுக்கும் வேலை ஒன்றுதான். காலை அசெம்ப்ளியில் பேசுவது, மாதம் ஒரு தலைப்பில் சுவர்ப் பத்திரிகை, மாணவர்கள் பெயர் போட்டோ போடாமலோ எழுதிப் போட ஒரு பெட்டி, போட்டிகள், சக மாணவர் குழுக்கள், ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்த ஒரு கமிட்டி. இவற்றோடு, தேவைப்படும் பிள்ளைகளுக்குத் தனியாக ஆலோசனை.

ஒரு கல்வியாண்டு முடிவில், தனி ஆள் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் பற்றிய மாணவர்களின் மதிப்பீடு வெகுவாக உயர்ந்திருந்தது. மனச்சோர்வு அறிகுறிகள், பிள்ளைகளுக்குள் நடக்கும் சீண்டலும் கேலியும், வன்முறை எல்லாம் குறைந்திருந்தன. இரண்டாம் ஆண்டிலும் இந்தப் பலன் நீடித்தது, இன்னும் வலுத்தது.

ஆசிரியரே நடத்திய பள்ளிகளில்? சொல்லிக்கொள்ளும்படி எந்த மாற்றமும் இல்லை. திட்டமே இல்லாத பள்ளிகள் எப்படி இருந்தனவோ, அப்படியேதான் இவையும் இருந்தன.

இன்னொரு முறை யோசித்துப் பாருங்கள். ஒரே மாவட்டம், ஒரே மாதிரிப் பள்ளிகள், ஒரே திட்டம். செய்த ஆள் மட்டும் வேறு. விளைவும் வேறாகிவிட்டது.

ஐரோப்பாவில் 10 நாடுகளில் 168 பள்ளிகளில் நடந்த 'செய்லே' ஆய்வும் (2015-இல் லான்செட்டில் வெளியானது) கிட்டத்தட்ட இதே திசையைக் காட்டியது. மாணவர்களோடு நேரடியாக உட்கார்ந்து பேசி, நடித்துக் காட்டி, விவாதித்து நடத்திய திட்டத்தில், புதிய தற்கொலை முயற்சிகள் ஓராண்டில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. ஆபத்தில் இருக்கும் மாணவர்களை அடையாளம் காண ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்ததில் மட்டும் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை.

அப்படியானால் ஆசிரியர்கள் மேல் தவறா?

இல்லவே இல்லை. இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நம்மில் பலரை ஏதோ ஒரு ஆசிரியர்தான் கரை சேர்த்திருப்பார். பிரச்னை மனசில் இல்லை, நேரத்திலும் நாற்காலியிலும் இருக்கிறது.

முதலில் நேரம். ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 1,000 மாணவர்கள் உள்ள பள்ளி. தேசிய ஆய்வின் 7.3 சதவிகிதத்தை அப்படியே வைத்துக்கொண்டால் 73 பிள்ளைகளுக்கு உதவி தேவை. ஒரு பிள்ளையை ஆண்டுக்கு 4 முறை மட்டும் சந்தித்தால்கூட மொத்தம் 292 சந்திப்புகள். முழுநேர ஆலோசகர் ஒரு நாளைக்கு 6 பேரைப் பார்த்தால் சுமார் 49 நாட்களில் முடிந்துவிடும். மீதி நாட்களில் வகுப்புகளுக்குப் போகலாம், பெற்றோரைச் சந்திக்கலாம். ஆனால் நாள் முழுக்க வகுப்பெடுக்கும் ஒரு ஆசிரியருக்குத் தினமும் ஒரு பீரியட் இதற்கென்று கிடைத்தால்? 292 வேலை நாட்கள் வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 8-ஆம் வகுப்புகளுக்கான குறைந்தபட்ச வேலை நாட்களே 220-தான். வருஷம் முடிந்துவிடும், வரிசை முடியாது.

இது நல்ல நிலையில் இருக்கும் பள்ளியின் கதை. யூடைஸ் 2024-25 தரவுப்படி நாட்டில் ஒரே ஒரு ஆசிரியரோடு இயங்கும் பள்ளிகள் 1,04,125. தேர்தல் பணி, கணக்கெடுப்பு, மதிய உணவுக் கணக்கு என்று ஓடும் அந்த ஒற்றை ஆசிரியரிடம் 'நீங்கதான் நலத் தூதரும்' என்று சொன்னால் அவரும் என்னதான் செய்வார்?

அடுத்தது நாற்காலி. மார்க் போடுபவரும், தண்டனை கொடுப்பவரும், பெற்றோரிடம் புகார் சொல்பவரும் ஆசிரியரே. அதே ஆளிடம் ரகசியத்தை நம்பிச் சொல்ல வேண்டும் என்று பிள்ளையிடம் எதிர்பார்க்கிறோம். ஆபீஸில் நமக்கு மன அழுத்தம் வந்தால், அப்ரைசல் போடும் மேனேஜரிடமே போய் மனம் திறந்து பேசுவோமா? நாமே செய்யத் தயங்குவதைப் பிள்ளைகளிடம் கேட்கிறோம். பிரச்னைக்குக் காரணமே அந்த ஆசிரியராக இருந்துவிட்டால்? அப்போது போக வேறு கதவே இல்லை.

ஆகவே ஆசிரியரின் வேலை வேறு. அவர் கவனிப்பவர். கலகலவென்று இருந்த பிள்ளை திடீரென்று அமைதியானதும், டிபன் பாக்ஸைத் திறக்காமலே மூடுவதும், திங்கட்கிழமை தோறும் வயிற்று வலி என்று சொல்வதும் முதலில் அவர் கண்ணில்தான் படும். மனநல முதலுதவிப் பயிற்சி அதற்குத்தான். ஆனால் கவனித்த பிறகு அந்தப் பிள்ளையை அனுப்பிவைக்க ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தில் கேட்பவர் ஒருவர் இருக்க வேண்டும். கவனிப்பவரும் கேட்பவரும் ஒரே ஆளாகிவிட்டால் இரண்டு வேலையும் பாதியில் நின்றுபோகிறது.

யோகா, மைண்ட்ஃபுல்னஸ் வகுப்பு வைத்தால் போதாதா?

இப்போது பல பள்ளிகளின் விளம்பரத்தில் இருப்பது இது. டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018-இல் நர்சரி முதல் 8-ஆம் வகுப்பு வரை 'ஹேப்பினஸ்' பாடத்திட்டமே கொண்டுவந்தார்கள். மூச்சுப் பயிற்சி, கதை, விளையாட்டு எல்லாம் பள்ளி நாளை இலகுவாக்கும், சந்தேகமில்லை. ஆனால் அதையே சிகிச்சை என்று நினைத்துவிடக் கூடாது. பிரிட்டனில் 85 பள்ளிகளில் 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்த 'மிரியட்' ஆய்வு 2022-இல் வெளியானது. வகுப்பு முழுவதற்கும் ஆசிரியர்கள் சொல்லிக்கொடுத்த மைண்ட்ஃபுல்னஸ், பள்ளிகளில் வழக்கமாக நடக்கும் உணர்வுநலப் பாடங்களைவிட மேலானது என்பதற்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே மருந்து என்பது மனநலத்திலும் எடுபடுவதில்லை.

சரி, இதற்கெல்லாம் பணம் எங்கே?

நியாயமான கேள்வி. யூடைஸ் 2024-25 படி இந்தியாவில் 14.71 லட்சம் பள்ளிகள், 24.69 கோடி மாணவர்கள். அமெரிக்கப் பள்ளி ஆலோசகர்கள் சங்கம் பரிந்துரைப்பது 250 மாணவருக்கு ஒரு ஆலோசகர். அதை இங்கே அப்படியே போட்டால் கிட்டத்தட்ட 10 லட்சம் பேர் வேண்டும். நாட்டில் இருக்கும் மொத்த ஆசிரியர்களே சுமார் 1 கோடி.

கொஞ்சம் தளர்த்தி 500 மாணவருக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். 4.94 லட்சம் பேர். மாதம் 25,000 ரூபாய் சம்பளம் என்று நானே ஒரு தொகையை வைத்துப் பெருக்கிப் பார்த்தேன். ஆண்டுக்குச் சுமார் 14,800 கோடி ரூபாய். பள்ளிக் கல்விக்கான மத்திய அரசின் பெரிய திட்டமான சமக்ர சிக்ஷாவுக்கு 2025-26 பட்ஜெட்டில் ஒதுக்கியது 41,250 கோடி. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்.

பெரிய தொகைதான். ஆனால் முடியவே முடியாத தொகை இல்லை. இதில் தனியார் பள்ளிகளின் பங்கை அவை ஏற்க வேண்டும். அரசுப் பள்ளிகளில் முதலில் உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளில் தொடங்கலாம். பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் நான்கைந்துக்கு ஒரு ஆலோசகர், வாரத்தில் எந்த நாள் எந்தப் பள்ளி என்று முறை வைக்கலாம். கேரளாவில் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டுத் துறை அரசுப் பள்ளிகளில் ஆலோசகர்களைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறது.

ஆள் பற்றாக்குறை? ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாடு இது. சராசரி 0.75-தான். ஆகவே 'எல்லாப் பள்ளியிலும் நிபுணர்' என்று காத்திருந்தால் இன்றைய பிள்ளைகள் பேரன் பேத்தி எடுத்துவிடுவார்கள். நாளந்தா அனுபவம் நம்பிக்கை தருவது இங்கேதான். அங்கே பலன் தந்தவர் நிபுணர் அல்ல. நல்ல பயிற்சியும், மேலே கேள்வி கேட்க ஒரு நிபுணரும், இந்த ஒரே வேலைக்கான முழு நேரமும் இருந்த சாதாரண ஆள். ஊரில் வேலை தேடும் சமூகப் பணி, உளவியல் பட்டதாரிகள் நமக்குக் குறைவா என்ன?

ஆலோசகர் வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

ஆகாது. பிள்ளையை நெருக்கும் அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு, நெருக்கடியைத் தாங்கப் பிள்ளைக்குப் பயிற்சி கொடுப்பது பாதித் தீர்வுதான். இதில் தமிழ்நாட்டின் அனுபவம் மற்ற மாநிலங்களுக்கும் உதவும். 10, 12-ஆம் வகுப்பில் தோற்றவர்கள் ஒரு வருஷத்தை இழக்காமல் உடனே எழுத துணைத் தேர்வு வேண்டும் என்று சென்னை 'சினேகா' அமைப்பின் நிறுவனர் டாக்டர் லட்சுமி விஜயகுமார் போன்றவர்கள் வலியுறுத்தினர். அது நடைமுறைக்கும் வந்தது. தோல்விக்கும் அடுத்த வாய்ப்புக்கும் இடையில் இருக்கும் இருட்டு சில வாரங்களாகச் சுருங்கியது. 2017-இல் மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தையும் தமிழ்நாடு நிறுத்தியது. ரிசல்ட் நாளில் டிவி கேமரா முன் ஒரு பிள்ளைக்கு லட்டு ஊட்டும் காட்சியை, வீட்டில் உட்கார்ந்து பார்த்த மற்ற பிள்ளைகளுக்கு என்ன ஆகும் என்று அதுவரை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. இந்த இரண்டுக்கும் ஒரு ஆலோசகர்கூடத் தேவைப்படவில்லை. ஒரு அரசாணை போதுமாக இருந்தது.

பெற்றோராக, சித்தப்பாவாக, அத்தையாக என்ன கேட்கலாம்?

இதைப் படிக்கும் பலருக்கு இப்போதுதான் பிள்ளை எல்கேஜி போயிருக்கும். சிலருக்கு அக்கா மகன் பத்தாவது படிப்பான். அடுத்த பேரன்ட்ஸ் மீட்டிங்கில் கணக்கு மார்க் பற்றிப் பேசி முடித்ததும் இந்த ஐந்தையும் கேட்டுப் பாருங்கள்.

1. ஆலோசகர் வேறு பாடம் எடுக்கிறாரா? எடுத்தால், தன் வகுப்பு மாணவர்களுக்கு வேறு யாரை ஏற்பாடு செய்திருக்கிறார்கள்?

2. அவருக்குக் குழந்தைகள் மனநலத்தில் என்ன பயிற்சி? எத்தனை மாணவர்களுக்கு அவர் ஒருவர்? வாரத்தில் எத்தனை நாள் வருகிறார்?

3. ஒரு பிள்ளை யாரிடமும் அனுமதிச் சீட்டு வாங்காமல் அவரைப் பார்க்க முடியுமா? அறை எங்கே இருக்கிறது?

4. பிள்ளை சொன்னது யார் யாருக்குப் போகும்? ரிப்போர்ட் கார்டிலோ டிசியிலோ அது ஏறாது என்பதற்கு என்ன உறுதி?

5. பள்ளியால் கையாள முடியாத அளவு பிரச்னை என்றால் எந்த மருத்துவமனைக்கு, எந்த மருத்துவரிடம் அனுப்புவார்கள்?

நான்காவது கேள்வியில் ஒரு நுணுக்கம் உண்டு. ரகசியம் என்பது முழுமையானது அல்ல. பாலியல் துன்புறுத்தல் பற்றித் தெரிய வந்தால் போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி அதைப் புகார் செய்தே ஆக வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றாலும் பெற்றோருக்குச் சொல்ல வேண்டியிருக்கும். நல்ல ஆலோசகர் இதை முதல் சந்திப்பிலேயே பிள்ளைக்குப் புரியும்படி சொல்லிவிடுவார். 'எதையும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்' என்று முதலில் வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு மீறினால், அந்தப் பிள்ளை அடுத்த முறை யாரிடமும் வாய் திறக்காது.

தோழி இந்தக் கேள்விகளோடு பள்ளிக்குப் போனாள். கோபப்படாமல் கேட்டாளாம். பயாலஜி மிஸ்ஸே பக்கத்தில் இருந்திருக்கிறார். "மேடம், நீங்க கேட்டது ரொம்ப நல்லதாப் போச்சு. எனக்கு வாரத்துக்கு 30 பீரியட். இதையும் நீங்களே பாருங்கன்னு சொன்னப்போ மறுக்க முடியல" என்றாராம். இப்போது வியாழக்கிழமைகளில் வெளியில் இருந்து ஒரு ஆலோசகர் வருகிறார். இன்னொரு கிளைக்கும் அவரேதான். அறை முதல்வர் அறையை ஒட்டி இருக்கிறது.

"முதல்வர் ரூமைத் தாண்டித்தான் போகணும். அதுதான் எனக்கு உறுத்துது" என்றாள் தோழி. "மாடியில ஒரு ரூம் காலியாத்தான் இருக்கு. அடுத்த மீட்டிங்ல அதைக் கேட்கணும்."

உதவி தேவைப்பட்டால்: உங்களுக்கோ உங்களுக்குத் தெரிந்த ஒருவருக்கோ மன அழுத்தமோ தற்கொலை எண்ணமோ இருந்தால் தனியாகச் சமாளிக்க வேண்டாம். டெலி மானஸ் - 14416 (24 மணி நேரமும், கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் இயங்குகிறது). குழந்தைகளுக்கான உதவி எண் - 1098. மாணவர்களுக்கான மனோதர்பன் - 8448440632.